உடம்பில் ஒரு வருத்தமும் இல்லாத வயதில் மருத்துவக் காப்புறுதி: வாசகர் கேள்வி – பதில்

இருபதுகளில் இருக்கும் திருகோணமலை வாசகர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர்களை விட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

நிலாவெளி வாசகர்: எனக்கு 25 வயது. ஹோட்டலில் வேலை செய்கிறேன். காய்ச்சல், தடிமனுக்கு மேல் ஒன்றும் வந்ததில்லை. வந்தாலும் பெரியாஸ்பத்திரியில் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். பிறகு ஏன் காப்புறுதிக்குக் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பும் முகவரிடம் பொலிசி எடுக்காதீர்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் வாட்டில் தங்கினாலும் சத்திரசிகிச்சை செய்தாலும் கட்டணம் இல்லை. 1990ஐ அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸும் இலவசம். இவ்வளவும் இருக்கும்போது உங்கள் கையிலிருந்து காசு எங்கே போகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதலாவது, வாட்டில் இருக்கும்போதே வெளியே வாங்கச் சொல்லும் மருந்தும் வெளியே செய்யச் சொல்லும் ஸ்கானும். இரண்டாவது, மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் துணைக்குப் போகிறவரின் பயணமும் தங்குமிடமும். கொழும்பு இங்கிருந்து 260 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. போனவர் அன்றே திரும்ப முடியாது. மூன்றாவது, காத்திருக்க முடியாத நேரம். பந்து விளையாடி முழங்கால் லிகமென்ட் அறுந்தால் உயிருக்கு ஆபத்து இல்லை. அதனால் அரச வைத்தியசாலைப் பட்டியலில் உங்கள் முறை பிந்தித்தான் வரும். நின்று வேலை செய்கிறவருக்கு அந்தக் காத்திருப்பே பெரிய நட்டம், தனியாரிடம் போனால் பெரிய செலவு. நான்காவது, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம். சேர்விஸ் சார்ஜை நம்பி இருப்பவருக்கு இது சம்பளச் சீட்டில் தெரியும் தொகையை விடக் கூட.

இளவயதில் எடுத்தால் கட்டுப்பணம் (பிரீமியம்) குறைவு என்பார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொலிசியில் அது அடுத்த வயதுப் பிரிவுக்குப் போகும்வரைதான். எங்கள் கணிப்பில் இதைவிடப் பெரிய பலன், நோய் எதுவும் பதிவாகாத நிலையில் உள்ளே போய்விடுவது. 25இல் எடுத்து இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வருகிறவருக்கு 31இல் சலரோகம் கண்டால், அது பொலிசிக்குள் வந்த நோய். 31இல் சலரோகம் கண்ட பிறகு எடுக்கப் போனால் அது ‘ஏற்கெனவே இருந்த நோய்’. சில பொலிசிகள் அதற்கு 2, 3 ஆண்டு கழித்துத்தான் கொடுக்கும், சில எப்போதுமே கொடுக்காது. இந்தப் பலன் நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு விடயத்தை எழுத்தில் கேளுங்கள்: நான் நோயாளி ஆன பிறகு கம்பனி புதுப்பிக்க மறுக்கலாமா? எத்தனை வயது வரை புதுப்பிக்கலாம்?

உங்கள் நிலையில் நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் வைத்தியசாலையில் தங்கும் செலவைத் திருப்பித் தரும் காப்பு. அத்துடன் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறித்த தொகை தரும் நாளாந்தக் காப்பு. இதை அரச வைத்தியசாலைக்கும் தரும் பொலிசியாகப் பாருங்கள். வெளிநோயாளர் செலவு, மூக்குக்கண்ணாடி, பல் ஆகியவற்றுக்கான காப்பு வேண்டாம். ஆண்டுக்கு 15,000 ரூபா வெளிநோயாளர் எல்லை தருகிறோம் என்றால், கட்டுப்பணத்தில் அதற்கு ஏறத்தாழ அவ்வளவையும் வாங்கிவிடுவார்கள். உங்கள் காசே சுற்றி வரும், பில் சேர்க்கும் வேலை மட்டும் மிச்சம்.

இன்னொன்று, ஹோட்டல் வேலைக்காரர் எல்லோருக்கும் உரியது. மாதாமாதம் கட்டும் முறையை எடுக்காதீர்கள். நம் பக்கத்து சீசன் மே முதல் செப்ரெம்பர் வரை. மாரியில் கை வறண்டு, டிசம்பர் தவணை தவறி, பொலிசி காலாவதியாகி, திரும்ப எடுக்கும்போது காத்திருப்புக் காலம் (எடுத்த புதிதில் சில செலவுகளுக்குக் காப்புக் கிடைக்காத காலம்) எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஓகஸ்ட்டிலோ செப்ரெம்பரிலோ ஓராண்டுக் கட்டுப்பணத்தை ஒரே தடவையில் கட்டி, புதுப்பிக்கும் திகதியை அந்த மாதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹோட்டல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3% கட்டுகிறதா என்பதையும் பாருங்கள். அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை ஆகியவற்றுக்கு அந்த நிதியம் உதவி தருகிறது. இது தெரியாமலே இருப்பவர் பலர்.

திருகோணமலை நகர் வாசகி: தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை, 27 வயது, திருமணம் ஆகவில்லை. முகவர் ஒருவர் மாதம் 10,000 ரூபாவுக்கு 20 ஆண்டு ஆயுள் காப்புறுதி எடுக்கச் சொல்கிறார். வைத்தியசாலைச் செலவும் அதற்குள் வரும் என்கிறார். தனியாக மருத்துவக் காப்புறுதி எடுப்பதா, இதை எடுப்பதா?

அந்த 10,000 ரூபாவைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆயுள் காப்புக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு, வைத்தியசாலைச் செலவுக்கு எவ்வளவு, கொடிய நோய்க் காப்புக்கு எவ்வளவு, விபத்துக்கு எவ்வளவு. ஒரு தாளில் ஐந்து வரி போதும். உங்களுக்கு வேண்டிய மருத்துவக் காப்பு அதில் சிறு பங்காகவும், பெரும் பங்கு சேமிப்பாகவும் இருக்கலாம். இருந்தால், சேமிப்பை வங்கியில் நீங்களே செய்யலாம்.

இலங்கையில் மருத்துவக் காப்புறுதி இரண்டு வாசலால் கிடைக்கிறது. பொதுக் காப்புறுதிக் கம்பனிகள் ஓராண்டுப் பொலிசியாகத் தருகின்றன. ஆயுள் காப்புறுதிக் கம்பனிகள் பெரும்பாலும் ஆயுள் பொலிசியோடு சேர்ந்த இணைப்புக் காப்பாகத் தருகின்றன. இணைப்பின் நல்ல பக்கம், நீண்ட காலத்துக்கு ஓடும் என்பது. கெட்ட பக்கம், தாய்ப் பொலிசி காலாவதியானால் இணைப்பும் அதோடு போய்விடும். வேலை மாறும் மாதத்தில் 10,000 கட்ட முடியாமல் போனால் உங்கள் மருத்துவக் காப்பும் நின்றுவிடும். முதல் 3 ஆண்டுக்குள் கைவிட்டால் கட்டியதில் பொதுவாக ஒன்றும் திரும்பி வராது.

உங்கள் வருமானத்தை நம்பி பெற்றோரோ தம்பி தங்கையோ இருந்தால், அல்லது உங்கள் பெயரில் கடன் இருந்தால், ஆயுள் காப்பு வேண்டும். அதைச் சேமிப்புக் கலக்காத காலக் காப்புறுதியாக எடுத்தால் மலிவு. அப்படி யாரும் இல்லாவிட்டால் ஓராண்டு மருத்துவப் பொலிசியோடு தொடங்குங்கள். உங்கள் நிறுவனம் ஊழியருக்குக் குழுக் காப்புறுதி வைத்திருந்தாலும் இதை எடுங்கள், ஏனென்றால் குழுக் காப்பு நீங்கள் விலகும் நாளில் முடிந்துவிடும். குழுக் காப்பு இருந்தால், அதற்கு மேலுள்ள செலவை மட்டும் தாங்கும் பொலிசியாக, முதல் 50,000 அல்லது 100,000 ரூபாவைத் தான் கொடுக்காத, கழிவுத்தொகை உள்ள ஒன்றாகக் கேளுங்கள். சிறு பில் நிறுவனத்தின் காப்பில் போகும், பெரிய பில் உங்கள் பொலிசியில். கட்டுப்பணமும் நன்றாகக் குறையும்.

அதே வாசகி: எவ்வளவு தொகைக்கு எடுப்பது? மூன்று இலட்சம் போதுமா?

கொழும்பிலும் கண்டியிலும் இரண்டு தனியார் வைத்தியசாலைகளை அழைத்து மூன்று விடயத்துக்கு உத்தேசச் செலவு கேளுங்கள்: அப்பென்டிக்ஸ் சத்திரசிகிச்சை, முழங்கால் லிகமென்ட் சத்திரசிகிச்சை, இருதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைப்பது. முதல் இரண்டில் பெரியது உங்கள் குறைந்தபட்சம். மூன்றாவதையும் தாங்குகிற தொகைக்கும் அதற்கும் கட்டுப்பண வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வயதில் அது பெரும்பாலும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். வருகிற தொகையோடு நாலில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டிப்படி செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8%. இறக்குமதி மருந்தும் ஸ்டென்ட்டும் அந்த விலையோடு ஏறின. 2020இல் எடுத்த மூன்று இலட்சத்தை அப்படியே புதுப்பித்து வந்தவர்களின் காப்பு அரைவாசிப் பெறுமதிக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தொகையைக் கூட்டலாமா என்று கேளுங்கள். கூட்டிய பகுதிக்குப் புதிதாகக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் சேர்த்து.

மொத்தத் தொகையை விட உள்ளே இருக்கும் உப எல்லைகள்தான் ஆளை மாட்டும். பத்து இலட்சம் என்று முதல் பக்கத்தில் இருக்கும். அட்டவணையில் சத்திரசிகிச்சைக்கு இரண்டு இலட்சம், அறைக்கு நாளுக்கு இவ்வளவு, பரிசோதனைகளுக்கு இவ்வளவு என்று வெட்டப்பட்டிருக்கும். அந்தத் தொகை ஆண்டுக்கா, ஒரு தடவை வைத்தியசாலையில் சேர்வதற்கா, வாழ்நாள் முழுவதற்குமா என்றும் பார்க்க வேண்டும். அட்டவணை இல்லாமல் வர்ணத் துண்டுப்பிரசுரத்தை மட்டும் காட்டினால் கையொப்பம் இடாதீர்கள்.

பாலையூற்று வாசகர்: சின்ன வயதில் தொய்வு இருந்தது. இப்போது மாரிக் காலத்தில் மட்டும் இன்ஹேலர் அடிப்பேன். அதை எழுத வேண்டாம், எழுதினால் கூடக் கட்ட வரும் என்கிறார் முகவர்.

எழுதுங்கள். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. கேட்ட கேள்விக்கு உண்மையை மறைத்தால் கம்பனி கோரிக்கையை மறுக்கலாம், பொலிசியையே செல்லாததாக்கலாம். மறைத்தது வெளிவராது என்று நினைக்க வேண்டாம். வாட்டில் சேர்க்கும் டொக்டர் முதலில் கேட்பதே “முந்தி ஏதாவது வருத்தம் இருந்ததா?” என்றுதான். நீங்கள் மூச்சு முட்டுடன் இருக்கும்போது அம்மா “சின்னனில இருந்து தொய்வு” என்று சொல்வார். அது நோய் நிர்ணய அட்டையில் ஏறும். அந்த அட்டையைத்தான் நீங்கள் கம்பனிக்கு அனுப்பப் போகிறீர்கள்.

எழுதினால் நடக்கக்கூடியவை மூன்று: வழமையான கட்டுப்பணத்துக்கே ஏற்பார்கள், கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள், அல்லது சுவாச நோயை மட்டும் விலக்கி மற்றதற்கெல்லாம் காப்புத் தருவார்கள். மூன்றாவது வந்தாலும் அப்பென்டிக்ஸுக்கும் டெங்குக்கும் விபத்துக்கும் காப்பு இருக்கிறது. ஓரிரு ஆண்டு தொந்தரவு இல்லாமல் இருந்தால் விலக்கை நீக்க மீளாய்வு செய்வார்களா என்று கேட்டு வையுங்கள்.

பொலிசி கேட்டு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தை முகவர் நிரப்ப விடாதீர்கள். ஆங்கிலப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று கோடு இழுத்துவிட்டு, பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையொப்பம் வாங்குவது நடக்கிறது. கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. தமிழ்ப் படிவம் கேளுங்கள், உங்கள் கையால் நிரப்புங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். காசை முகவரின் சொந்தக் கணக்குக்குப் போடாமல் கம்பனிக் கணக்குக்கே போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கிண்ணியா ஆசிரியை: எனக்கு அக்ரஹார இருக்கிறது. வேறும் வேண்டுமா?

அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதித் திட்டமான அக்ரஹாரவில் வெள்ளி, தங்கம் என்று மேலதிகத் திட்டங்கள் இருக்கின்றன. முதலில் அதற்கு மாறலாமா என்று உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். சம்பளத்தில் கழிப்பதால் தவணை தவறாது. அதன் எல்லைக்கு மேல் பயம் இருந்தால் மட்டும், மேலே சொன்ன கழிவுத்தொகைப் பொலிசி. ஒரே பில்லுக்கு இரண்டு இடத்திலும் முழுத் தொகை வாங்க முடியாது. ஒரு இடத்தில் கொடுக்காமல் விட்ட மிச்சத்தைத்தான் மற்ற இடத்தில் கேட்கலாம். மூலப் பில்லை எங்கே கொடுக்கிறீர்களோ அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதியும் கொடுத்த தொகைக்கான கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வாசகர்: வெளிநாட்டவரைப் புறாமலைப் பக்கம் டைவிங் கூட்டிப்போகும் வேலை. 23 வயது. எந்தப் பொலிசியும் எனக்குச் சரிவருமா?

உங்கள் கேள்வி முக்கியமானது, ஏனென்றால் பெரும்பாலான பொலிசிகளின் விலக்குப் பட்டியலில் மலையேற்றம், மோட்டார் ஓட்டப்பந்தயம் ஆகியவற்றோடு ஸ்கூபா டைவிங்கும் இருக்கும். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘சுற்றுலா வழிகாட்டி’ என்று எழுதி ஒப்பேற்றினால் கட்டியது வீண். ‘டைவிங் வழிகாட்டி’ என்றே எழுதுங்கள். கம்பனி டைவிங் விபத்தை மட்டும் விலக்கித் தந்தால் பரவாயில்லை, மற்ற நோய்களுக்கு அதை எடுங்கள்.

டைவிங்குக்குத் தனிக் காப்பு வேண்டும். டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க் போன்ற அமைப்புகள் உறுப்பினருக்கு டைவிங் விபத்துக் காப்பு தருகின்றன. எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். பொழுதுபோக்காக மூழ்குகிறவருக்கு மட்டுமா, தொழிலாகச் செய்பவருக்கும் உண்டா? சான்றிதழ் அனுமதிக்கும் ஆழத்துக்குக் கீழே போனால் காப்பு நிற்குமா? அழுத்த அறைச் சிகிச்சைக்கும் அங்கே கொண்டுபோகும் செலவுக்கும் எவ்வளவு எல்லை? வேகமாக மேலே வருவதால் இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டும் நோய்க்கு அழுத்த அறையில் பல தடவை வைக்க வேண்டி வரலாம். செலவு ஏறுவது அங்கேதான்.

வேலை நேரத்தில் காயம் பட்டால் முதலாளிக்கும் பொறுப்பு இருக்கிறது. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. சீசன் ஆள் என்று எழுத்தில் ஒன்றும் தராமல் வைத்திருந்தால், குறைந்தது சம்பளம் வங்கிக்கு வரச் செய்யுங்கள். நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு அது சாட்சி.

மூதூர் வாசகி: மகனுக்கு டெங்கு வந்து அரச வைத்தியசாலையில் நான்கு நாள் இருந்தான். காப்புறுதி இருந்தும் “அரச ஆஸ்பத்திரிதானே, பில் இல்லை” என்று விட்டுவிட்டோம். கேட்டிருக்கலாமா?

நாளாந்தக் காப்பு இருந்தால் கேட்டிருக்கலாம்; இன்னும் காலம் இருக்கலாம். கோரிக்கை அனுப்ப எத்தனை நாள் என்று பொலிசியில் இருக்கும். இன்றே பாருங்கள். நம் மாவட்டத்தில் டெங்கு எப்படி அடிக்கும் என்று 2017இல் கண்டோம்: நாடெங்கும் 186,101 பேர் பதிவான அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

நாளுக்கு 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ‘24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் முதல் நாளிலிருந்து’ என்றால் நான்கு நாளுக்கு 20,000. ‘முதல் 2 நாள் நீங்கலாக’ என்றால் 10,000. இரவுகளை மட்டும் எண்ணும் பொலிசியில் மூன்று இரவுக்கு 15,000. ஒரே விளம்பரத் தொகை, மூன்று விடை. இளவயதினர் வைத்தியசாலையில் தங்குவது பெரும்பாலும் சில நாட்கள்தான் என்பதால் இந்த ஒரு வரி மிகவும் முக்கியம்.

வேண்டிய தாள்கள்: சேர்ந்த திகதியும் வெளியேறிய திகதியும் உள்ள நோய் நிர்ணய அட்டை, கட்டில் சீட்டு இலக்கம், கம்பனியின் கோரிக்கைப் படிவம். சில கம்பனிகளின் படிவத்தில் டொக்டர் நிரப்பும் பகுதி இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அதற்காகத் திரும்ப அலைவது கஷ்டம், ஆகவே வெளியேறும் நாளுக்கு முன்பே வாட்டில் கொடுங்கள். வெளியே இரத்தப் பரிசோதனை செய்தால், செய்யச் சொல்லி டொக்டர் எழுதிய துண்டும் பில்லும் அறிக்கையும் மூன்றும் வேண்டும். துண்டு இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெயரில்தான் நம்மவர்களின் கோரிக்கை அதிகம் சிக்கும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், வாட்டில் கூப்பிடும் பெயர் மட்டும், பொலிசியில் ஆங்கில எழுத்து ஒன்று கூட. வாட்டில் சேர்க்கும்போது அடையாள அட்டையை நீட்டி “இதில் உள்ளபடி எழுதுங்கள்” என்று சொல்லுங்கள். பிழையாக வந்திருந்தால் வெளியேறுவதற்கு முன் அட்டையிலேயே திருத்திக் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். பிறகு வந்தால் கிராம உத்தியோகத்தரின் கடிதம், சத்தியக் கடதாசி என்று இழுபடும்.

தம்பலகாமம் வாசகி: திருமணமாகி இரண்டு மாதம். பிரசவத்துக்குக் காப்பு எடுக்கலாமா?

கர்ப்பம் தரிக்க முன்பே எடுக்க வேண்டும். பிரசவக் காப்புக்கு 10, 12 மாதம் என்று காத்திருப்புக் காலம் வைப்பது வழக்கம். அந்தக் காப்புக்கு மட்டும் கூடக் கட்டும் தொகையையும் அது தரும் எல்லையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரச வைத்தியசாலையில் பிரசவம் பார்க்க முடிவு செய்தவருக்கு அது பெரும்பாலும் இலாபமில்லை. பிறக்கும் குழந்தையை எத்தனையாவது நாளிலிருந்து சேர்க்கலாம் என்று கேளுங்கள். குறைமாதக் குழந்தைக்குச் செலவு வருவது முதல் வாரங்களில்தான்.

சீனக்குடா வாசகர்: மகனின் மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. விபத்துக்கு அது போதாதா?

போதாது. மூன்றாம் நபர் காப்புறுதி அவர் மோதிய ஆளுக்குத்தான். அவருடைய காலுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. தனிநபர் விபத்துக் காப்பு எடுத்துக் கொடுங்கள், ஆண்டுக் கட்டுப்பணம் பெரிதல்ல. ஓட்டும் வாகன வகைக்குரிய லைசன்ஸ் இல்லாமலோ மது அருந்தியோ ஓட்டியிருந்தால் பெரும்பாலான பொலிசிகள் கைகொடுக்காது.

உவர்மலை வாசகர்: அக்காவின் கோரிக்கையை ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று மறுத்துவிட்டார்கள். போனில்தான் சொன்னார்கள். என்ன செய்யலாம்?

போனில் சொன்னதை விடுங்கள். எந்த நிபந்தனையின் கீழ், எந்த ஆவணத்தைப் பார்த்து மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும், நோய் முதன்முதலில் எப்போது கண்டறியப்பட்டது என்று சிகிச்சை செய்த டொக்டரிடம் திகதியுடன் கடிதம் வாங்கி, கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அக்கா பொலிசி எடுக்கும்போது அவருக்கே தெரியாத நோய் என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள். பல பொலிசிகளின் வரைவிலக்கணம் ‘தெரிந்திருந்த அல்லது சிகிச்சை பெற்ற’ நோய் என்றுதான் இருக்கும்; அறிகுறி இருந்தாலே போதும் என்று எழுதியவையும் உண்டு. சொல்லுக்குச் சொல் வாசியுங்கள்.

அங்கும் சரிவராவிட்டால், கம்பனிக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம். கம்பனியின் இறுதி மறுப்புக் கடிதம், பொலிசி, அட்டவணை, முன்மொழிவுப் படிவத்தின் பிரதி, நோய் நிர்ணய அட்டை, டொக்டரின் கடிதம் ஆகியவற்றைத் திகதி வரிசைப்படி இணையுங்கள். முன்மொழிவுப் படிவத்தின் பிரதி கையில் இல்லையென்றால் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அனுப்புங்கள். அக்கா அன்று என்ன எழுதினார் என்பதில்தான் முழு வழக்கும் நிற்கிறது.